உஷார்! பெயர் சொல்லாத வேதபாடம்

“இலவச வேதபாடம். எந்தச் சபையையும் சார்ந்ததல்ல. வெளிப்படுத்தின விசேஷத்தின் இரகசியங்களை அறிய வாருங்கள்.” இப்படி ஓர் அழைப்பு உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனுக்கு வந்தால், சேருமுன் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: “இதை நடத்துகிற சபையின் பெயர் என்ன?” நேரான பதில் வராவிட்டால் அந்த வகுப்பு வேண்டாம். அந்த மழுப்பல் ஒன்றே போதுமான எச்சரிக்கை.

எதற்கு இத்தனை பதற்றம் என்று கேட்கிறவர்கள் தென்கொரியாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலை விரிகிற விதம்

ஷின்சியோன்ஜி என்ற இயக்கத்தை லீ மான்-ஹீ என்பவர் 1984இல் அங்கே தொடங்கினார். வெளிப்படுத்தின விசேஷத்தின் அடையாளங்களுக்கான சரியான பொருள் அவர் மூலமாகவே வெளிப்பட்டது, வேதம் வாக்களித்த போதகர் அவரே என்பது அதன் போதனை. உறுப்பினர்களை 12 கோத்திரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1,44,000 பேர் என்று அந்த நூலில் வரும் எண்ணிக்கை தங்கள் கூட்டத்தில்தான் நிறைவேறும் என்கிறார்கள்.

ஒருவருடைய நம்பிக்கை அவருடைய உரிமை. ஆள் சேர்க்கிற முறைதான் அச்சமூட்டுகிறது. கருத்துக்கணிப்பு, ஆளுமைத் தேர்வு, ஓவிய வகுப்பு, அன்பான ஒரு புதிய நட்பு என்று ஏதாவது ஒன்றில் பழக்கம் தொடங்கும். பிறகு வேதபாடத்துக்கு அழைப்பு வரும். வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில் வகுப்பு. இயக்கத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களைப்போலவே புதிதாகப் படிக்க வந்தவராக நடிப்பவர் பழைய உறுப்பினராக இருப்பார். உங்கள் சந்தேகம், வீட்டுச் சண்டை, மனக்காயம் எல்லாம் அவர் வழியாக மேலே போகும். “இப்போதைக்கு வீட்டில் சொல்ல வேண்டாம், போதகரிடமும் சொல்ல வேண்டாம், சாத்தான் வசனத்தைப் பறித்துவிடுவான்” என்ற அறிவுரை கிடைத்ததாக வெளியே வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் தெரியவரும் நாளில் மனம் ஏற்கனவே கட்டுண்டிருக்கும்.

மற்ற சபைகளுக்குள்ளும் சாதாரண விசுவாசிபோல ஆட்களை அனுப்பி, அங்கிருந்து ஆள் பிரித்துக்கொண்டு போனார்கள். அதனால்தான் கொரியாவின் பல ஆலய வாசல்களில் “ஷின்சியோன்ஜிக்கு அனுமதி இல்லை” என்ற அறிவிப்பு தொங்குகிறது.

2020 பிப்ரவரியில் தேகு நகரில் கொரோனா பரவியபோது இந்த மறைவாழ்க்கை ஊருக்கே வெளிச்சமானது. ஷின்சியோன்ஜியோடு தொடர்புடைய தொற்று 5,000ஐத் தாண்டியது. நோய் யாரையும் பற்றலாம். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உறுப்பினர் என்பதைக் குடும்பத்துக்கும் வேலையிடத்துக்கும் மறைத்து வாழ்ந்தவர்களைத் தேடுவதே பெரும்பாடானது. அந்நகரின் ஒரு பகுதியில் தொற்றுத்தடுப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய அதிகாரியே, நகரில் தொற்று பரவிய பிறகுதான் தானும் அந்தச் சபைக்காரர் என்று சொன்னார். லீ மீதான வழக்கில், தொற்றுத்தடுப்புப் பணிக்கு இடையூறு செய்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. பணக் கையாடல் குற்றம் உறுதியாகி, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார்.

“நம்ம சபை மாதிரிதான் இருக்கு” என்று நம்பாதீர்கள்

கென்யாவின் மாலிந்தியில் பால் மெக்கன்சி என்ற போதகரின் பேச்சு, தொடக்கத்தில் ஊரிலுள்ள மற்ற சுவிசேஷகர்களின் பேச்சுபோலத்தான் இருந்தது. பிறகு பள்ளிக்கூடம் கூடாது, மருத்துவம் கூடாது என்றார். கடைசியில் ஷகஹோலா காட்டுக்கு ஜனங்களை அழைத்துப்போனார். பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று போதித்தார் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அவர் அதை மறுக்கிறார். 2023 ஏப்ரலிலிருந்து அந்தக் காட்டில் தோண்டி எடுக்கப்பட்ட உடல்கள் 400க்கும் மேல். அவற்றில் குழந்தைகளின் உடல்களும் ஏராளம். எந்தக் குழந்தை இதற்குச் சம்மதம் கொடுத்தது?

பெரிய திருச்சபைப் பிரிவோடு இணைந்திருப்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஜிம் ஜோன்ஸின் ‘மக்கள் ஆலயம்’ அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஒரு புராட்டஸ்டண்ட் பிரிவோடு இணைந்திருந்தது. 1978 நவம்பர் 18 அன்று கயானாவின் ஜோன்ஸ்டவுனில் அந்தக் கூட்டத்தார் 900க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

ஆகவே இரண்டு சோதனைகள் வேண்டும்: போதனைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று.

முதல் சோதனை: கிறிஸ்துவின் இடத்தில் யார்?

கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சி.எஸ்.ஐ., லுத்தரன், பாப்டிஸ்ட், பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் என்று ஆயிரம் வேறுபாடு இருக்கலாம். ஞானஸ்நானத்தில் சண்டை, ஆராதனை முறையில் சண்டை. ஆனாலும் கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சங்கமும் பின்வந்த திருச்சங்கங்களும் அறிக்கையிட்ட அடிப்படையில் இவர்கள் ஒன்றாக நிற்கிறார்கள்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன், இயேசு மெய்யான தேவனும் மெய்யான மனிதரும், அவர் மரித்து உயிர்த்தார். இன்று உயிரோடிருக்கிற ஒரு மனிதரை ஏற்காவிட்டால் இரட்சிப்பு இல்லை என்று இவர்களில் எவரும் சொல்வதில்லை.

இதற்கு மாறாக, சீனாவில் தோன்றிய ‘சர்வவல்லமையுள்ள தேவனின் திருச்சபை’, இயேசு ஏற்கனவே ஒரு சீனப் பெண்ணாகத் திரும்பி வந்துவிட்டார் என்று போதிக்கிறது. அதன் நூல்களும் காணொளிகளும் இணையத்தில் தமிழிலேயே கிடைக்கின்றன. ஆகவே இது கடல் தாண்டிய கதை என்று அசட்டையாக இருக்காதீர்கள்.

இரண்டாம் சோதனை: மனிதரை எப்படி நடத்துகிறார்கள்?

யெகோவாவின் சாட்சிகள் திரித்துவத்தை ஏற்பதில்லை. அந்த வகையில் அவர்களது போதனை மற்ற சபைகளின் போதனையிலிருந்து விலகியது. ஆனால் கதவைத் தட்டும்போது தாங்கள் யார் என்று சொல்கிறார்கள்; கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடியும். கொள்கை வேறுபாடு ஒன்று, ஏமாற்று வேறொன்று. சிறிய சபை, உரத்த ஜெபம், வெள்ளை உடை என்பதற்காக யாரையும் கள்ளக்கூட்டம் என்று பட்டம் கட்டாதீர்கள். இவற்றைப் பாருங்கள்:

- பெயரையும் தலைவரையும் மறைக்கிறார்களா?
- வீட்டுக்குச் சொல்லாதே என்கிறார்களா?
- கேள்வி கேட்டால் பிசாசின் வேலை என்கிறார்களா?
- படிப்பு, வேலை, மருந்து, திருமணம் எல்லாவற்றிலும் தலைவர் சொல்வதே முடிவா?
- காணிக்கைக் கணக்கைக் கேட்கவே முடியாதா?
- விலகினால் சாபம் வரும், குடும்பம் அழியும் என்று மிரட்டுகிறார்களா?

இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் சொந்தச் சபையிலேயே தெரிந்தாலும் சரி, இதே அளவுகோல்தான். பழகிய பீடம் என்று சலுகை கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டார் ஏற்கனவே சிக்கியிருந்தால்?

கத்தாதீர்கள், பூட்டி வைக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். “உலகம் உங்களைப் பகைக்கும்” என்று முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உங்கள் கோபம் அதை மெய்யாக்கிவிடும். தினமும் பேசுங்கள், சாப்பிடக் கூப்பிடுங்கள். “உங்கள் தலைவர் சொன்னது பொய் என்று தெரிந்தால் விலகுவாயா?” என்று அமைதியாகக் கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு உணவோ மருந்தோ மறுக்கப்பட்டாலும், அடி உதையோ பாலியல் தொல்லையோ நடந்தாலும் பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை: உடனே 1098 குழந்தைகள் உதவி எண், அல்லது காவல் நிலையம்.

போதகர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடினமான புத்தகம் என்று ஒதுக்கி வைத்தால், அதைக் கற்றுத்தர வேறு எவனோ காத்திருக்கிறான். வாலிபர் கேள்வி கேட்கிற கூட்டம் உங்கள் சபையில் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த ஞாயிறே தொடங்குங்கள்.