உலக அமைதிக்கு முதல் படி சோறா? வட சென்னையில் நடந்த வள்ளலார் சொன்ன வழி

திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கினால் வடிவுடையம்மன் கோயில் பக்கம்தான். சுமார் 180 வருஷத்துக்கு முன்பு ஏழுகிணறு வீராசாமி தெருவிலிருந்து ஓர் இளைஞர் இந்தக் கோயிலுக்கு நடந்தே வந்துபோனார். பெயர் ராமலிங்கம். வள்ளலார் என்று நமக்குத் தெரிந்தவர்.

ஒருநாள் ராத்திரி தாமதமாகத் திரும்பியவர், வீட்டுக் கதவு சாத்தியிருந்ததால் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டாராம். வடிவுடையம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்பது பக்தர்கள் சொல்லும் கதை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், பசிதான் பிற்காலத்தில் அவரது ஆன்மிகத்தின் மையமானது.

ஏன் பசி?

'எல்லா மதமும் அன்பைத்தானே சொல்லுது' என்பது நல்லிணக்க மேடைகளில் வழக்கமாகக் கேட்பது. வள்ளலார் அதோடு நிற்கவில்லை. 1865-இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கியவர், 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் திறந்தார். சாதி, மதம் கேட்காமல் சோறு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. பசி வந்தால் சக்கரவர்த்தியும் அதிகாரத்தை மறந்து முறையிடுவான். சாதி, சமய ஆசாரத்தில் ஊறியவரும் ஆசாரத்தை விட்டுச் சோற்றைத்தான் எதிர்பார்ப்பார். அதாவது, மனுஷனுக்கும் மனுஷனுக்கும் நடுவில் இருக்கும் சுவர் பசிக்கு முன்னால் நிற்காது. அடுத்தவர் பசியைத் தன் பசியாக உணர்வதைத்தான் அவர் 'ஆன்மநேய ஒருமைப்பாடு' என்றார்.

தன் மதத்தையும் விட்டாரா?

ஆமாம். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசியபோது சாதி, சமயப் பற்றுகளை விடச் சொன்னார். சைவத்தில் தனக்கிருந்த பற்றுக்குத் தன் பழைய பாடல்களே சாட்சி என்றும் ஒப்புக்கொண்டார். திருவொற்றியூரில் உருகிப் பாடியவையும் அவற்றில் உண்டு. அடுத்தவர் மதத்தைக் குறை சொல்வது ஈஸி. தன் பற்றைத் தானே விடுவதுதான் கஷ்டம்.

எல்லோருக்குமான வழியா?

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கொலை, புலால் தவிர்த்தவர்களே ஞானசபைக்குள் வரலாம் என்பது அவர் வைத்த விதி. மீன்பிடித்துப் பிழைக்கும் காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இது லேசான நிபந்தனை இல்லை. ஆனால் புலால் உண்பவருக்கும் பசியாற்ற வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். சபைக்கு நிபந்தனை உண்டு, சாப்பாட்டுக்கு இல்லை.

அவர் பிறந்த அக்டோபர் 5-ஐ 'தனிப்பெருங்கருணை நாள்' என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அமைதி பற்றிப் பேசும் எந்த மேடையிலும் 'நீங்க என்ன மதம்?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை வள்ளலார் விட்டுப்போயிருக்கிறார்: 'சாப்பிட்டீங்களா?'