செட்டிநாட்டு மரக்கதவுகளின் இணைப்பு முறை

செட்டிநாட்டு மரக்கதவுகளின் இணைப்பு முறை என்பது சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களிலுள்ள நகரத்தார் வீடுகளின் கதவு, சன்னல், நிலை ஆகியவற்றைத் தச்சர்கள் கையால் செதுக்கிப் பொருத்தும் முறையாகும். புதுக்கோட்டை மாவட்டத்தில் திருமயம் வட்டாரத்தின் ராயவரம், கடியாபட்டி, அரிமளம் முதலிய ஊர்களில் இவ்வகை வீடுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கட்டப்பட்ட இவற்றுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வரவழைக்கப்பட்டது.

பொருத்துகள்

குறுக்குச் சட்டத்தின் முனை நாக்குப் போலச் செதுக்கப்படுகிறது; இது கழுந்து எனப்படும். நெடுக்குச் சட்டத்தில் உளியால் குடைந்த துளையில் கழுந்து இறுக்கமாக நுழைக்கப்பட்டு, குறுக்கே மரமுளை அறையப்படுகிறது. மரத்தின் வெட்டுமுனையில் பசை நன்கு பிடிக்காது. கழுந்தின் பக்கங்களில் நார் நீளவாக்கில் ஓடுவதால் அங்கு நன்றாகப் பிடிக்கும். பசை விட்டுப்போனாலும் முளை சட்டங்களைப் பிரியவிடாது.

நடுப்பலகை சட்டத்தின் காடியில் ஒட்டப்படாமல் செருகப்படுகிறது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும் ஆரப்போக்கில் 2.5 விழுக்காடும் சுருங்கும். உலர்ந்த பின்னும் மழை, வெயிலுக்கு ஏற்பப் பலகை சிறிதளவு விரிந்து சுருங்கும். காடியில் ஒட்டிவிட்டால் பலகை வெடிக்கும்.

பசைகள்

விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சப்படும் வச்சிரம் தச்சர்களின் மரபுப் பசை. இது சூடாகப் பூசப்படும், ஈரத்தில் இளகிவிடும். பாலிவினைல் அசிட்டேட்டை 1912இல் செருமானியரான பிரிட்ஸ் கிளாட்டே கண்டறிந்தார். அவ்வகைப் பசையான ஃபெவிகால் இந்தியாவில் 1959இல் அறிமுகமானது. சாதாரண வெள்ளைப் பசை வீட்டுக்குள் நெடுங்காலம் நிற்கும். தொடர் ஈரத்திலும் வெப்பத்திலும் வலுவிழக்கும். ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 204 இத்தகைய மரப்பசைகளை நீர்த்தாங்குதிறன்படி டி1 முதல் டி4 வரை வகைப்படுத்துகிறது. மழை படும் கதவுகளுக்கு டி4 ஏற்றது.

பழுதுபார்த்தல்

மழைச்சாரல் தெறிப்பதால் கதவின் அடிச்சட்டமே பெரும்பாலும் முதலில் உளுக்கும். முளையும் வச்சிரமும் கொண்ட இணைப்பில் முளையைத் தட்டி எடுத்து, வெந்நீரால் பசையை இளக்கி, அச்சட்டத்தை மட்டும் மாற்றலாம். எப்பாக்சி போன்ற பசையால் ஒட்டிய இணைப்பைக் கழுந்து உடையாமல் பிரிப்பது அரிது. உலர்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதுப் பசை சரியாக ஒட்டாது. பழையதை மரம் தெரியும்வரை சுரண்டியே மீண்டும் பூச வேண்டும்.