கடகடக்கும் வேன் கதவு

1984-இல் வந்த மாருதி வேனின் வழிவந்த ஆம்னியின் உற்பத்தி 2019-இல் நின்றுவிட்டது. சரக்கு ஏற்ற நாம் வைத்திருக்கும் ஆம்னிகள் எல்லாம் பழையவையே. கதவு கடகடத்தால், 'சத்தம்தானே' என்று விட்டுவிடுகிறோம். சிலர் கயிற்றால் கட்டிக்கொள்கிறோம். பூட்டு சரியாகப் பிடிக்காத கதவு வழியில் திறந்துகொண்டால் எண்ணெய் டின்கள் சாலையில்தான்.

முதலில் ஜாக்கி, காலிப் பெட்டிகளை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்போம். சத்தம் நின்றால் கதவில் குறையில்லை.

நிற்காவிட்டால், ஒரு பழைய பில் தாளைக் கதவின் விளிம்பில் வைத்து மூடி இழுக்க வேண்டும். சுற்றிலும் இப்படிச் செய்தால், தாள் தளர்வாக வரும் இடம் தெரிந்துவிடும். அங்கே ரப்பர் பீடிங் நசுங்கியிருந்தால் மாற்ற வேண்டும்.

ரப்பர் நன்றாக இருந்தால், பூட்டு சென்று மாட்டும் ஸ்ட்ரைக்கரைக் கவனிப்போம். இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, திருகுகளைத் தளர்த்தி, 1 அல்லது 2 மி.மீ. உட்புறமாக நகர்த்தி, மீண்டும் இறுக்கிவிடலாம். அளவு மீறினால் கதவை ஓங்கி அடிக்க வேண்டிவரும். பூட்டு சீக்கிரம் தேயும்.

ரப்பருக்கு எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ தடவக் கூடாது. ரப்பர் ஊறிக் கெடும். சிலிக்கான் ஸ்பிரே போதும்.

பூட்டையே மாற்றச் சொன்னால், முதலில் இதைச் செய்து பார்ப்போம். அப்படியும் பிடிக்காவிட்டால், பூட்டை மாற்றும்வரை சரக்கு ஏற்ற வேண்டாம்.