பழைய படமும் பழகிய நினைவும்

நிழற்படம் பொய் சொல்லாது என்பது பலர் நம்பிக்கை. கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து தாத்தாவும் பாட்டியும் நேராக நம்மை நோக்கும்போது, அதைவிடச் சிறந்த சான்று வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஆயினும் படம் காட்டுவது ஒரு நொடியை மட்டுமே. அந்நொடிக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை நிரப்புவது நம் நினைவு. நினைவு நிரப்பியதைப் படமே சொன்னதாகக் கொள்ளும்போது பிழை நேர்கிறது.

நினைவு எவ்வாறு இயங்குகிறது? 1932ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் உளநூல் அறிஞர் பிரடெரிக் பார்ட்லட் வெளியிட்ட நூல் இதனை ஆராய்ந்தது. வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றை அவர் ஆங்கிலேயரிடம் படிக்கக் கொடுத்தார். காலம் கழித்து நினைவிலிருந்து எழுதச் சொன்னார். தமக்குப் பழக்கமில்லாத செய்திகளை அவர்கள் விட்டுவிட்டனர். குடைமரத்தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. எழுதியவர்கள் பொய்யர் அல்லர். நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மனம் பழையதைத் தனக்குப் பழகிய வடிவில் புதிதாகக் கட்டுகிறது.

அவ்வாறு கட்டுவதற்குப் படமும் கல்லும் மண்ணும் எடுத்துக் கொடுக்கும். 2004ஆம் ஆண்டில் ஸ்டீபன் லிண்ட்சே என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வொன்று ஆசிரியர் கருதத் தக்கது. 45 பல்கலைக்கழக மாணவர்கள் தம் பள்ளிப் பருவ நிகழ்ச்சிகள் மூன்றை நினைவுகூர முயன்றனர். இரண்டு, பெற்றோர் கூறிய உண்மை நிகழ்ச்சிகள். மூன்றாவது, ஆசிரியரின் மேசைக்குள் கொழகொழப்பான விளையாட்டுப் பசையை வைத்தது என்னும் கற்பனை. 23 பேருக்கு மட்டும் அந்தந்த ஆண்டின் வகுப்புப் படம் கொடுக்கப்பட்டது. நடவாததை நடந்ததாகக் கூறியவர்கள், படம் பெற்றோரிடையே மிகப் பலராக இருந்தனர். அவர்களுக்குக் கொடுத்த படங்களோ மெய்யானவை! மெய்ப்படமே பொய் நினைவுக்கு முகங்களைத் தந்துவிட்டது.

இனி நம் வீட்டுச் சுவருக்கு வருவோம். அக்கால நிழற்பட நிலையங்களில் தீட்டிய திரைச்சீலையும் அழகிய நாற்காலியும் பூச்சாடியும் இருந்தன. படத்துக்கென்று கோட்டு இரவல் தருவதும் உண்டு. ஆகவே கோட்டைக் கண்டு, தாத்தா செல்வராக வாழ்ந்தார் என்று முடிவு கட்டலாகாது. சிரிப்பில்லாத முகத்தைக் கண்டு, அவர் கடுகடுப்பானவர் என்றும் கூறலாகாது. நிமிர்ந்து அசையாதிருப்பதே படத்துக்குரிய மரியாதையாகக் கருதப்பட்டது. மாலையிட்ட தம்பதியர் படங்கள் சில, தனித்தனியே எடுத்த இரு சிறு படங்களை ஒன்றாக்கிப் பெரிதுபடுத்தியவை. சேர்ந்து உட்காராத இருவர் சேர்ந்து உட்கார்ந்த நாளைப் பேரப்பிள்ளைகள் கதையாகவே சொல்லத் தொடங்கிவிடுவர்.

படத்தில் இல்லாததும் நினைவை வளைக்கும். திருமணத்துக்குப் படம் உண்டு. கோயில் திருவிழாவுக்கும் உண்டு. விடியுமுன் பிரட்டுக்கு நின்றதையும், ஆயாக்கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டுப் பால்மரம் சீவப் போனதையும் எந்தக் குடும்பம் படமெடுத்து வைத்தது? ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மீளாதவருள் எத்தனை பேருக்குப் படம் இருந்திருக்கும்? படத்தொகுப்பை மட்டும் புரட்டும் பிள்ளை, முன்னோர் வாழ்வு முழுவதும் விழாவாகவே கழிந்தது என்று எண்ணிவிடும்.

பெயர் தெரியாத படத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சிங்கப்பூர் ஹில் தெருவில் இருந்த லீ சகோதரர் நிழற்பட நிலையம் 1910 முதல் 1925 வரையான காலத்தில் எடுத்த படங்களின் பெருந்தொகுதி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. முகங்கள் தெளிவாக உள்ளன. ஆயினும் அவர்களுள் பலர் யார் என்று தெரியவில்லை. நம் வீட்டுப் படங்களும் அந்நிலையை அடைய ஒரு தலைமுறை போதும்.

தோட்டத்து மக்களின் பழைய வாழ்வுக்கு இது பேரிழப்பாகும். நிர்வாகக் கணக்கேடு ஆள் எண்ணிக்கையையும் கூலியையும் காட்டும். லயத்துக்குள் நடந்த வாழ்வைக் காட்டாது. அதற்கு மூத்தோர் வாய்மொழியும் வீட்டுப் படமுமே பெரிதும் துணை. சான்று அரிதாயின் அதனைக் கையாளும் கவனம் மிக வேண்டும்.

தமிழாசிரியர்கள் இதனை ஒரு கட்டுரைப் பயிற்சியாகவே அமைக்கலாம். மாணவர் முதலில் படத்தைக் காட்டாமல் பாட்டியைக் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதட்டும். பின்னர்ப் படத்தைக் காட்டிக் கேட்கட்டும். இரண்டும் மாறுபட்டால் ஒன்றையும் அழிக்க வேண்டா; சொன்னவர் பெயரும் நாளும் குறித்து இரண்டையும் வைக்கட்டும். கண்டது, கேட்டது, ஊகித்தது மூன்றும் தனித்தனியே நிற்கட்டும். ‘இவர் பெரிய மாமா’ என்பதற்கும் ‘இவர் பெரிய மாமாவாக இருக்கலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்துவது நல்ல மொழிப்பாடமுமாகும். படத்தின் பின்புறத்தில் எழுதுவதாயின் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுத வேண்டும். மை ஊறி முகத்தைக் கெடுத்துவிடும்.

மூத்தோர் நினைவை இகழ வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. ஆண்டைத் தவறாகச் சொல்லும் பாட்டியே, அந்த ஆண்டின் பசியைப் பிழையின்றிச் சொல்லக்கூடும். ஆண்டை ஏட்டில் தேடிக்கொள்ளலாம். பசியை அவரிடந்தான் கேட்க வேண்டும். வரும் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் ஒரு படத்துக்கேனும் பெயர் எழுதி வரும்படி செய்வோமாக.