மச்சில் மரநாய்

மனிதன் தனக்கென்று வீடு கட்டுகின்றான். ஆயினும் அவ்வீட்டில் அவன் தனியே வாழ்வதில்லை. சுவரிலே பல்லி, மூலையிலே சிலந்தி, இறப்பிலே சிட்டுக்குருவி என்று கேளாமலே குடிவந்தோர் பலர். வீட்டிறப்பில் குஞ்சுகளோடு வாழும் குருவியைச் சங்கப் புலவரும் பாடியுள்ளனர். ஆகவே இக்குடித்தனம் நேற்று இன்று ஏற்பட்டதன்று. இச்சிற்றுயிர்களால் நமக்குப் பெருந்துன்பம் ஒன்றுமில்லை. ஆனால், நள்ளிரவில் தலைக்கு மேலே ஓர் ஆள் நடப்பது போன்ற காலடியோசை கேட்குமாயின், வீட்டார் உறக்கம் இழந்து, இதனை எவ்வாறு வெளியேற்றுவது என்று கலங்குகின்றனர். அக்கலக்கம் எம் வீட்டிலும் நேர்ந்தது. அப்பொழுது யாம் செய்த பிழையையும், பின்னர்க் கற்றுக்கொண்ட முறையையும் நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் ஊர் நாஞ்சில் நாட்டைச் சேர்ந்தது. அங்கே இன்றும் பழைய ஓட்டுவீடுகள் பல நிற்கின்றன. ஓலையும் நாட்டோடும் வேய்ந்த கூரைகள் மாறி மங்களூர் ஓடு பரவியது, 1860-களில் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவிய பின்னரேயாம். இவ்வோடுகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று கொளுவி நிற்பனவேயன்றி, ஆணியால் அறையப்பட்டவை அல்ல. ஆகவே வலிய விலங்கொன்று மூக்கால் முட்டித் தள்ளினால் ஓடு நகர்ந்துவிடும். ஓட்டின் கீழே கைமரங்கள். அவற்றின் கீழே பலகைத் தட்டு. இரண்டிற்கும் இடையிலுள்ள இருண்ட வெளியையே மச்சு என்கிறோம். மழை நனையாமலும் ஆள் நடமாட்டம் இன்றியும் கிடக்கும் அவ்விடம், மரப்பொந்தை நாடும் விலங்கிற்கு மரப்பொந்தினும் சிறந்த உறைவிடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அன்றியும், பொந்துள்ள முதிய மரங்களை நாம் வெட்டி வீழ்த்தியபின், அவ்விலங்கு வேறெங்கே செல்லும்?

மச்சில் இருப்பது இன்னதென்று அறியாமல் அதனை வெளியேற்ற முயலுதல், நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும். பகலிலே மென்மையாக ஓடும் ஓசை கேட்டால் அஃது அணில். இரவு முழுவதும் பலகையைக் கொறிக்கும் ஓசை கேட்டால் அஃது எலி. அந்தி மயங்கும் வேளையில் கீச்சென்னும் ஒலியோடு ஓட்டிடுக்கினின்று சிறகடித்து வெளிவருவன வௌவால்கள். பாம்பு சீறுவது போன்ற நீண்ட ஒலி கேட்டால் உடனே அஞ்ச வேண்டா. கூகைக் குஞ்சுகள் இரை வேண்டி அவ்வாறு ஒலிப்பதுண்டு. எச்சமும் சான்று கூறும். எலியின் புழுக்கை நெல்மணி போன்றது. பூச்சியுண்ணும் வௌவாலின் எச்சத்தைக் குச்சியால் நசுக்கினால் பொடியாக உதிரும். கூகை உமிழ்ந்த உருண்டையில் எலியின் மயிரும் எலும்பும் கிடக்கும். இருட்டியதும் ஒருமுறையும் விடியுமுன் ஒருமுறையும் கனத்த நடையோசை கேட்டு, பழக்கொட்டைகள் நிறைந்த எச்சமும் காணப்பட்டால், அங்கே குடியிருப்பது மரநாயே என்று பெரும்பாலும் துணியலாம்.

பெயரில் நாய் இருப்பினும் மரநாய் நாயினத்தைச் சேர்ந்ததன்று, பூனையுமன்று. அது புனுகுப்பூனையின் குடும்பத்தது. உடல் ஏறத்தாழ ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை நீளும். வாலும் ஏறக்குறைய அந்நீளமே. எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ. கருஞ்சாம்பல் நிறமும், முகமூடி அணிந்தாற் போன்ற கரிய முகமும் அதன் அடையாளங்கள். 1777-இல் பல்லாஸ் என்னும் இயற்கைநூலறிஞர் இதற்கு அறிவியற் பெயர் இட்டார். ஆண், பெண் இரண்டிற்கும் வாலடியில் மணச்சுரப்பிகள் ஒத்த தோற்றத்தோடு அமைந்திருத்தலால், இருபாலும் ஒருங்குடையது என்று பொருள்படும் சொல் அப்பெயரில் இடம்பெற்றது. பாளையில் கட்டிய கலயத்துக் கள்ளைக் குடிக்கும் வழக்கத்தால் ஆங்கிலேயர் இதனைக் கள்ளுப்பூனை என்றனர். பனம்பழம், ஆலம்பழம், மாம்பழம், காப்பிப்பழம் முதலியன இதன் உணவு. எலியையும் பூச்சிகளையும் உண்ணும். தின்ற பழத்தின் கொட்டைகள் சிதையாமல் எச்சத்தோடு வெளிவந்து வேறிடத்தில் முளைக்கின்றன. ஆகவே காட்டிற்கும் தோப்பிற்கும் இது கூலி வாங்காத தோட்டக்காரன் எனலாம். இரண்டு முதல் ஐந்து குட்டிகள் வரை ஈனும் இவ்விலங்கு, அவற்றைப் பொந்தில் மறைத்து வைத்துவிட்டு, இரவில் தான்மட்டும் இரைதேடச் செல்லும். இக்கடைசிச் செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். அதனை அறியாமையே எம்மைப் பிழைக்கு உள்ளாக்கியது.

யாம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் மரநாய் ஒன்று எம் மச்சில் குடிபுகுந்தது. அதனால் உண்டான தொல்லை சிறிதன்று. தட்டுப்பலகையில் சிறுநீர்க்கறை படர்ந்தது. கூடத்தில் நாற்றம் வீசியது. விலகிய ஓட்டின் வழியே மழைநீர் ஒழுகியது. தந்தையார் கொத்தனாரை வரவழைத்தார். அந்தியில் விலங்கு வெளியே சென்றதும், அது புறப்பட்ட துளையைச் சாந்திட்டு அடைத்துவிடுவதென்று முடிவாயிற்று. எம் பாட்டியார் மாத்திரம், "மக்களே, உள்ளே குட்டி இருந்தாலும் இருக்கும், ஏறிப் பார்த்துவிட்டு அடையுங்கள்" என்றார். கைவிளக்கோடு ஏணியில் ஏறியவர் யாமே. மறுநாள் தேர்வு, நாற்றமோ பொறுக்க முடியவில்லை. தலையை மட்டும் உள்ளே நீட்டி, விளக்கை ஒருமுறை சுழற்றிவிட்டு, ஒன்றுமில்லை என்று கூறி இறங்கினோம். துளை அடைபட்டது.

அன்றிரவு தாய் திரும்பிற்று. ஓட்டின்மேல் அது கீறும் ஓசை விடியுமளவும் ஓயவில்லை. உள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. அது எலியாயிருக்கும் என்று பிறருக்குக் கூறினோம். எமக்கும் அவ்வாறே கூறிக்கொண்டோம். மூன்றாம் இரவில் அக்குரல் நின்றது. அதற்குள் தாய் வேறொரு பக்கத்தில் இரண்டு ஓடுகளைப் பெயர்த்துவிட்டது. எனினும் அது பயன்படவில்லை. சில நாட்களில் முன்னைய நாற்றத்தினும் கொடிய நாற்றம் எழவே, பலகையைக் கழற்றினோம். கைமரத்தின் மூலையில், யாம் விளக்கைக் காட்டாத இடத்தில், மூன்று குட்டிகள் இறந்து கிடந்தன. அவற்றைப் பலாமரத்தடியில் புதைக்கும் வேலையும் எம்முடையதாயிற்று. பாட்டியார் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை.

இனி, பலர் கையாளும் வழிகளையும் அவற்றின் குற்றங்களையும் நோக்குவோம். நஞ்சு வைப்பார் சிலர். நஞ்சுண்ட விலங்கு மச்சிலேயே இறந்தால் தொல்லை இரட்டிக்கும். வீட்டுப் பூனையும் நாயும் அந்நஞ்சிற்கு இரையாதல் கூடும். புகையிடுவார் சிலர், நடக்கமாட்டாத குட்டிகள் புகையில் மூச்சு முட்டி இறக்கும், காய்ந்த மரக்கூரையில் தீயும் பற்றலாம். பாச்சையுருண்டைகளை வாரி இறைத்தால் அதன் ஆவி கீழே உறங்கும் மனிதரையே முதலில் வருத்தும். கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விடுவதும் நன்மை போலத் தோன்றும் தீமையே. விடப்பட்ட விலங்கு அறியாத இடத்தில் இரையும் உறைவிடமும் இன்றி அலையும். இங்கே திறந்து கிடக்கும் துளையில் மற்றொன்று வந்து புகும். அன்றியும், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மரநாயையும் காக்கின்றது. அச்சட்டத்தில் வேட்டை என்னும் சொல் கொல்லுதலை மட்டுமன்றி, நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல் ஆகியவற்றையும் குறிக்கும். ஆகவே விலங்கைப் பிடித்தே தீரவேண்டிய நிலை நேரின், வனத்துறையினர்க்கு அறிவிப்பதே முறை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? விலங்கைத் துரத்துவதன்று, அது தானே வெளியே சென்றபின் வழியை அடைப்பதேயாம். இதனை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதலாவது, வழியைக் கண்டறிதல். இரண்டு மூன்று நாள் அந்தி வேளையில் வீட்டின் வெளியே சற்றுத் தொலைவில் அமைதியாக நின்று நோக்கினால், விலங்கு எங்கிருந்து புறப்படுகின்றது என்பது புலப்படும். மூன்று நான்கு அங்குல இடைவெளியே அதற்குப் போதும். கூரையைத் தொடும் மாங்கிளை, தென்னையோலை, மின்கம்பி ஆகியவை அது ஏறிவரும் பாதைகள்.

இரண்டாவது, குட்டிகள் உண்டோ என ஆராய்தல். தாய் வெளியே சென்ற வேளையில் மச்சின் மூலைகளையெல்லாம் விளக்கொளியில் பார்த்தல் வேண்டும்; காது கொடுத்துக் கேட்டலும் வேண்டும். குட்டிகள் இருந்தால் அவை தாயின் பின்னே செல்லும் பருவம் எய்தும்வரை பொறுப்பதே தக்கது. பொறுக்க இயலாதவர் இரவும் பகலும் மச்சில் ஒரு விளக்கை எரியவிட்டு, பகலில் வானொலியையும் ஒலிக்கச் செய்யலாம். இருளும் அமைதியும் நீங்கினால், தாயே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வேறிடம் கொண்டுசெல்லக்கூடும். கூகைக்கும் வௌவாலுக்கும் இவ்விதியே பொருந்தும்: குஞ்சுகள் பறக்கும் வரை அடைக்கலாகாது.

மூன்றாவது, ஒரு வழியைத் தவிர ஏனைய இடைவெளிகளையெல்லாம் அடைத்தல். எஞ்சிய வழியில், மேற்புறம் கீல் வைத்த இலேசான தகரக் கதவொன்றைத் தொங்கவிடலாம். உள்ளிருந்து தள்ளினால் அது திறக்கும். வெளியிலிருந்து முட்டினால் சட்டத்தில் பட்டு நிற்கும். குட்டிகள் இல்லையென்று உறுதியாக அறிந்த பின்னரே இதனை அமைக்க வேண்டும்.

நான்காவது, எல்லாம் வெளியேறியதைச் சோதித்தல். துளையின் உட்புறத்தில் சலித்த சாம்பலைப் பரப்பிவைத்தால் அடிச்சுவடுகள் தெளிவாகப் பதியும். மூன்று நாள் வரை சாம்பல் கலையாதிருந்தால் மச்சு காலியாயிற்று என்று கொள்ளலாம்.

ஐந்தாவது, நிலையாக அடைத்தல். அரை அங்குலக் கண்ணுடைய கெட்டியான இரும்புவலையை மரச்சட்டத்தில் அறைந்து பொருத்துவதும், ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டுவதும், சுவர்முகட்டு இடைவெளியைச் சாந்திட்டு மூடுவதும் இதில் அடங்கும். கூரையினின்று ஆறேழு அடிக்குள் நீண்டிருக்கும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். உதிர்ந்த பழங்களையும் பூனைக்கு வைத்த உணவையும் இரவில் முற்றத்தில் கிடக்கவிடலாகாது.

இறுதியாக, மச்சைத் துப்புரவு செய்யுங்கால் மூக்கையும் வாயையும் மூடிக் கையுறை அணிதல் வேண்டும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி எழும். ஆதலின் வெளுப்புத்தூள் கரைத்த நீரைத் தெளித்து, ஈரமாக்கியே அள்ள வேண்டும். எந்த விலங்கையும் வெறுங்கையால் பிடிக்கலாகாது. கடியோ கீறலோ பட்டால், புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்டல் இன்றியமையாதது.

அடுத்த ஆண்டு எம் மச்சில் மீண்டும் நடையோசை கேட்டது. பழைய தாயே வந்ததோ, வேறொன்றோ, யாம் அறியோம். இம்முறை கொத்தனாரை அழைக்கவில்லை. விளக்கோடு ஏறி மூலைமுடுக்கெல்லாம் பார்த்தோம். இரண்டு குட்டிகள் கண்விழித்து எம்மை நோக்கின. சத்தமின்றி இறங்கிவந்து பாட்டியாரிடம் கூறினோம். நாற்றத்தையும் ஓசையையும் பொறுத்துக்கொண்டு பல வாரம் காத்திருந்தோம். ஒருநாள் அந்தியில் தாய் முன்னே செல்ல, குட்டிகள் இரண்டும் அதன் பின்னே மாங்கிளையில் இறங்கக் கண்டோம். அதன்பின் நாள்தோறும் சாம்பலைப் பரப்பிப் பார்த்தோம். மூன்றாம் நாளும் அது கலையாதிருந்தது. நான்காம் நாள் வலையை அறைந்தோம்.

இறப்பு என்னும் சொல் நம் மொழியில் கூரையின் தாழ்ந்த விளிம்பையும் குறிக்கும், சாவையும் குறிக்கும். அதனை இலக்கண வகுப்பில் பயிலுமுன்னரே யாம் மச்சில் பயின்றோம். நம் வீட்டினின்று ஓர் உயிரை வெளியேற்ற நமக்கு உரிமை உண்டு. ஆனால் வழியை அடைக்குமுன் உள்ளே யார் உளர் என்று பார்ப்பது நம் கடமை. அதற்கு ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறினாற் போதும்.