காற்றாலை நல்லதுதான், எந்த இடத்தில்? – மன்னார் தரும் பாடம்



‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று தலைப்பு வந்தால் மாணவர்கள் பலர் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். காற்றாலை புகை விடாது, எரிபொருள் கேட்காது, ஆகவே நல்லது. சரி, ஊர்மக்கள் ஏன் எதிர்க்கிறாங்க என்று கேட்டால், “அவங்களுக்கு விழிப்புணர்வு இல்ல சார்” என்று பதில் வரும். இந்தப் பதில் போதுமா?

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு மாலை நடந்து பாருங்கள். பள்ளிவாசலின் மினாராவும் பழைய கடைவீடுகளின் ஓட்டுக்கூரையும்தான் கண்ணில் படும். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமை நகரானது. அந்த வட்டாரத்தில் புதுக் கட்டடங்களுக்குப் பொதுவாக 18 மீட்டர் உயர வரம்பு உண்டு. இதற்காகப் பினாங்கு மக்கள் வளர்ச்சிக்கே எதிரிகள் என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். கட்டடம் வரட்டும், இந்த இடத்தில் இந்த உயரம் வேண்டாம் என்கிறார்கள். அவ்வளவுதான்.

இதே கண்ணோடு இலங்கையின் மன்னார்த் தீவைப் பார்ப்போம். மீனவர்கள் நிறைந்த, தமிழ் பேசும் மக்கள் வாழும் தாழ்வான மணல் தீவு அது. அங்கே 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ காற்றாலை நிலையம் திறக்கப்பட்டது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். ஒவ்வொன்றும் இறக்கையோடு சேர்த்து 100 மீட்டருக்கும் மேல் உயரம்.

அடுத்து, இந்தியாவின் அதானி குழுமம் மன்னாரில் 250 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட் என்று பெரிய திட்டத்தோடு வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2025 பிப்ரவரியில் அதானி குழுமம் விலகிக்கொண்டது. இங்கே ஒரு கவனம் தேவை. புதிய அரசாங்கம் மின்சார விலையைக் குறைக்கச் சொல்லி மறுபேச்சுக்கு அழைத்ததே விலகலுக்கு உடனடிக் காரணம். முன்பு ஒத்துக்கொண்ட விலை ஒரு யூனிட்டுக்கு 8.26 அமெரிக்க சென்ட். “போராட்டத்தால் திட்டம் நின்றது” என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் எழுதியதாகும்.

பிரச்சினை அதோடு முடியவில்லை. வேறு நிறுவனங்களின் சிறிய திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஆகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மக்கள் மறித்தார்கள். அதிபர் அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டம்பர் இறுதியில் பாகங்களை மீண்டும் கொண்டுவந்தபோது போலீசாருக்கும் மக்களுக்கும் மோதல் ஏற்பட்டது.

மக்கள் சொல்லும் காரணங்கள் என்ன?

1. வெள்ளம்: தாழ்வான தீவில் அடித்தளமும் மேடான பாதைகளும் மழைநீர் வடிய விடாமல் தடுக்கின்றன.
2. தொழில்: கரையோர மீன்வரத்து குறைந்துவிட்டது என்கிறார்கள் மீனவர்கள்.
3. பறவைகள்: மத்திய ஆசிய வலசைப் பாதையில் மன்னார் முக்கியமான தங்குமிடம்.
4. சம்மதம்: எங்கள் ஊரைப் பற்றி எங்களைக் கேட்காமல் முடிவெடுப்பதா?

அரசாங்கத்தின் பக்கமும் லேசானதல்ல. 2022 பொருளாதார நெருக்கடியில் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைபட்ட நாடு அது. 2030க்குள் 70 விழுக்காட்டு மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவது அதன் இலக்கு. நல்ல காற்று வீசும் இடங்களில் மன்னார் முன்னணியில் இருக்கிறது. மின்சாரம் வேண்டும் என்பதும் நியாயம், எங்கள் ஊர் மூழ்கக்கூடாது என்பதும் நியாயம். இரண்டு நியாயங்கள் மோதுவதால்தான் இது விவாதக் கட்டுரைக்கு ஏற்ற தலைப்பாகிறது.

வளர்ந்த நாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. நார்வேயின் ஃபோசன் பகுதியில் காற்றாலைகள் எழுந்துவிட்ட பிறகு, அவற்றின் உரிமம் கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் பண்பாட்டு உரிமையை மீறுவதாக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. காற்றாலைகளோ அகற்றப்படவில்லை, பிறகு உடன்பாடுதான் காணப்பட்டது. கட்டிய பின் கேட்பதைவிடக் கட்டுமுன் கேட்பது மேல் என்பதற்கு இது சான்று.

ஆகவே மாணவர்களே, இத்தகைய தலைப்பு வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். எந்த இடத்தில்? யாரைக் கேட்டு? பலன் யாருக்கு, சுமை யாருக்கு? “மீன் குறைந்தது” என்று தீர்ப்பாக எழுதாமல், “மீனவர்கள் கூறுகின்றனர்” என்று எழுதுங்கள். ஆய்வில் உறுதியானதும் மக்கள் அனுபவமும் வேறு வேறு. இரண்டுக்குமே கட்டுரையில் இடம் கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புப் பயிற்சி: பினாங்குத் தெற்கில் கடலைத் தூர்த்துத் தீவு அமைக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்த்தது உங்களுக்குத் தெரியும். அதை இதே மூன்று கேள்விகளால் அலசச் சொல்லுங்கள். பாதி வகுப்பு மீனவர்களாகவும் மீதி வகுப்பு மாநில அரசாகவும் பேசட்டும். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்தை மாற்றிவிடுங்கள். “விழிப்புணர்வு இல்ல சார்” என்ற பதில் அதன்பிறகு வராது.