உங்களுக்குத் தெரியுமா? நாய்க்கும் சேவலுக்கும் நடுகல்!

ஒரு ஓவியத்தின் முன்னால் மனிதர்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள்? நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கடிகாரம் வைத்தே கணக்கெடுத்துவிட்டார்கள். 2001-இல் வெளியான விடை: சராசரியாக 27.2 விநாடி!

கலை வரலாற்று வகுப்பிலிருந்து நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பும் மாணவர்களே, அந்த 27 விநாடி தர்மபுரி அகழ்வைப்பகத்தில் செல்லாது. அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவை நடுகற்கள், பெரும்பாலும் சண்டையில் மடிந்த வீரர்களின் நினைவாக ஊர் நட்ட கற்கள். ஒவ்வொரு கல்லிலும் அரை மணி நேரத்துக்குச் சரக்கு இருக்கிறது!

தமிழ்நாட்டில் நடுகற்கள் குவியல் குவியலாகக் கிடைத்த பகுதி எது தெரியுமா? தஞ்சையும் இல்லை, மதுரையும் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம்!

அத்தனை சண்டையும் எதற்காக? மண்ணுக்காகவா, பொன்னுக்காகவா? பெரும்பாலும் மாட்டுக்காக! மந்தையை ஓட்டிப் போனவனுக்கும் கல் உண்டு. அதை மீட்கப் போய் மடிந்தவனுக்கும் கல் உண்டு!

எல்லோரும் வீரனின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் காலைப் பாருங்கள்! பல கற்களில் கால் பக்கத்தில் சின்னதாக ஒரு கெண்டி, ஒரு சிமிழ். முதல் பார்வையில் யார் கண்ணிலும் படாது. கண்டுபிடித்துவிட்டீர்களா? அன்றைய வகுப்பில் நீங்கள்தான் ராஜா!

உடம்பில் அம்பு பாய்ந்திருக்கும். ஆனாலும் கையில் பிடித்த வில் கீழே இறங்காது. சாகிற நிமிஷத்தையே கல்லில் நிறுத்திவிட்டான் அந்தப் பெயர் தெரியாத சிற்பி!

எதிரில் ஆள் இல்லை, புலி நிற்கிறதா? அது புலிகுத்திக் கல். ஊருக்குள் வந்த புலியோடு மல்லுக்கு நின்று உயிர்விட்டவனுக்கு ஊர் எடுத்தது!

வீரன் பக்கத்தில் ஒரு பெண். உயர்த்திய கை, கை நிறைய வளையல். அவள் கணவனோடு தீயில் இறங்கியவள். அது சதிக்கல்!

மூன்று அடுக்குக் கல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். கீழே சண்டை. நடுவில் தேவமாதர் இருபுறமும் தாங்கி வீரனைத் தூக்கிப் போகிறார்கள். மேலே அவன் சிவலோகத்தில், லிங்கத்தின் முன்னால்! சாவிலிருந்து சொர்க்கம் வரை ஒரே பலகைக் கல்லில்!

இனி ஒரு ரகசியம். தேய்ந்த கல்லுக்கு நேராக டார்ச் அடிக்காதீர்கள், ஒன்றும் தெரியாது. ஓரத்தில் நின்று, கல்லை ஒட்டினாற்போலச் சாய்த்து அடியுங்கள். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும். இல்லவே இல்லை என்று நினைத்த வில்லின் நாண் பளிச்சென்று எழுந்து வரும்!

எழுத்தைப் படிக்க அதைவிடப் பெரிய வித்தை ஒன்று இருக்கிறது. மைப்படி! முதலில் தண்ணீர் விட்டு, பிரஷ்ஷால் தேய்த்துக் கல்லைக் கழுவுவார்கள். ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். நடுவில் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் ஒரு எழுத்து போச்சு! தாள் சற்றுக் காய்ந்ததும் துணிப்பந்தில் மையைத் தொட்டு ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுக்கும். பள்ளத்தில் இறங்கிய எழுத்து மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும்! நீங்களாகச் செய்துவிடாதீர்கள், துறையின் அனுமதி வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் மட்டும் எந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு ஓடுங்கள்!

தர்மபுரியை ஒட்டிய திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நாய்க்குக் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது! நாயின் பெயர் கோவிவன். எஜமானன் கருந்தேவகத்தி தொறுச் சண்டையில், அதாவது மந்தைச் சண்டையில், விழுந்துவிட்டான். கோவிவன் ஓடவில்லை. கள்வர் இரண்டு பேரைக் கடித்துக் குதறிவிட்டுக் காவல் நின்றது! எழுதி வைத்திருக்கிறார்கள், பெயரோடு! இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறதே, தமிழ்நாட்டுக் கற்களில் என் மனசுக்கு முதலிடம் இதற்குத்தான்!

அந்தக் கல் எந்த அரசன் காலத்தது தெரியுமா? முதலாம் மகேந்திரவர்ம பல்லவன், ஆட்சியாண்டு 34! ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் சூட்டிக்கொண்ட அதே கலைஞன்!

நாய்க்கே கல்லா என்று வாய் பிளக்கிறீர்களா? விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்துக்குப் போங்கள். அங்கே சேவலுக்குக் கல்! முகையூர் மேற்சேரிக்காகச் சேவல் சண்டைக் களத்தில் இறங்கிய கோழி அது. உருவமும் உண்டு, எழுத்தும் உண்டு!

உருவமே இல்லாத நடுகல்லும் இருக்கிறது! 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்தவை மூன்று. மூன்றிலும் வெறும் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்து, படம் கிடையாது. வயசு? 2,000 ஆண்டுக்கும் மேல்!

கல் நடுவதற்கே தொல்காப்பியம் ஆறு படிகள் சொல்கிறது. கல்லைத் தேடிப் பார்ப்பது முதல் வாழ்த்துவது வரை. நடுவது நான்காவது படிதான்!

தர்மபுரிப் பக்கம் வேடியப்பன் கோயில்கள் ஏராளம். உள்ளே எட்டிப் பாருங்கள். பல கோயில்களில் மஞ்சளும் குங்குமமும் பூசி நிற்கும் சாமி யார் தெரியுமா? வில் ஏந்திய நடுகல் வீரன்! அருங்காட்சியகத்தில் அவர் கலைப்பொருள். ஊரில் அவருக்குப் பொங்கல் படையல்! (அங்கே குறிப்பெடுக்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.)

தர்மபுரி கோட்டை மல்லிகார்ஜுனர் கோயிலில் தூண் தரையைத் தொடாது! அடியில் துணியை விட்டு அந்தப் பக்கம் இழுக்கலாம்!

ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்டவர்கள் நுளம்பர்கள். அவர்கள் பாணித் தூண்கள் இன்று எங்கே நிற்கின்றன? காவிரிக் கரையில், திருவையாற்றுக் கோயிலில்! போரில் ஜெயித்த சோழர்கள் கொண்டுபோனவை என்கிறார்கள் அறிஞர்கள். கல்தூணை அத்தனை தூரம் இழுத்துப் போயிருக்கிறார்கள் என்றால் அதன் அழகை நினைத்துப் பாருங்கள்!

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள நுளம்பர் சிற்பங்களுக்கென்றே சி. சிவராமமூர்த்தி ஒரு தனிப் புத்தகம் எழுதினார். ஆண்டு 1964!

அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் சுவரைப் பார்க்காதீர்கள். அண்ணாந்து பாருங்கள். ஓவியமெல்லாம் கூரையில்!

கையெழுத்தே இல்லாத ஓவியத்தை வரைந்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியர் ஜொவான்னி மொரெல்லி ஒரு வழி சொன்னார். முகத்தை விடுங்கள், காதைப் பாருங்கள், விரல் நகத்தைப் பாருங்கள்! கவனமில்லாமல் வரைகிற இடத்தில்தான் ஓவியன் மாட்டிக்கொள்வான் என்றார். மனுஷன் படித்தது எது தெரியுமா? மருத்துவம்!

ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் மாணவர்களுக்குத் தரும் வேலை என்ன? ஒரே ஒரு ஓவியம். அதன் முன்னால் முழுசாக 3 மணி நேரம்!

அவரே செய்து பார்த்தார். காப்லி 1765-இல் வரைந்த, அணிலோடு இருக்கும் சிறுவனின் படம். சிறுவனின் காதும் அணிலின் வயிற்று ரோம வளைவும் ஒரே வடிவம் என்று தெரிய 9 நிமிஷம் ஆனது. சங்கிலி பிடித்த விரல்களின் அகலமும் கீழே இருக்கும் தண்ணீர்க் கிளாஸின் அகலமும் ஒன்று என்று தெரிய 21 நிமிஷம். பின்னால் தொங்கும் திரையின் மடிப்புகளிலும் அதே காதும் கண்ணும் ஒளிந்திருக்கின்றன. அதற்கு 45 நிமிஷம்! கெண்டியையும் சிமிழையும் கண்டுபிடிக்க உங்களுக்கு எத்தனை நிமிஷம்? நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்!

எழும்பூரில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றிப் பிரான்ஸின் மகா சிற்பி ரோதான் உருகி உருகி எழுதினார். எழுதியது 1913-இல். அவர் மறைந்தது 1917-இல். கட்டுரை அச்சில் வந்தது 1921-இல். அவர் கையில் இருந்தவை வெறும் போட்டோக்கள். அந்தச் சிலையை அவர் நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை!